பாஸ்வேர்டு மேனேஜர் விட்டுச்செல்லும் பழைய ஃபோல்டர்கள்

ஒன்பாஸ்வேர்டு 7 என்ற பாஸ்வேர்டு மேனேஜர் இருந்த மேக் கணினியில் ஒன்பாஸ்வேர்டு 8-ஐ நிறுவினால், 7 தானாக அழிவதில்லை. அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் அது தன்பாட்டுக்கு இருக்கும். அதைப் பிடித்துக் குப்பைத்தொட்டிக்கு இழுத்தாலும், அது இத்தனை வருடம் சேர்த்துவைத்த தரவுகள் லைப்ரரி என்கிற மறைவான ஃபோல்டருக்குள் அப்படியே கிடக்கும். எட்டாம் பதிப்பு விண்டோஸுக்கு 2021 நவம்பரிலும், மேக்குக்கு 2022 மே மாதத்திலும் வெளியானது. அப்போதே மாறிவிட்டவர்களின் கணினியில்கூட அந்தப் பழைய தரவு இன்றுவரை இருக்கக்கூடும்.

கிட்டத்தட்ட எல்லா மென்பொருளும் இப்படி எதையாவது விட்டுவிட்டுத்தான் போகும். படங்களைத் திருத்தும் மென்பொருள் விட்டுப்போன மிச்சத்தால் வட்டில் கொஞ்சம் இடம் வீணாகும், அவ்வளவுதான். பாஸ்வேர்டு மேனேஜரின் மிச்சம் வேறு ரகம். அவசரப்பட்டு அழித்தால், வேறெங்கும் இல்லாத பாஸ்வேர்டு ஒன்று அதோடு போய்விடலாம். மறந்து விட்டுவைத்தால், என்றைக்கோ இன்னொருவர் கைக்குப் போய்ச் சேரலாம். எது எங்கே இருக்கிறது, எதை எப்போது அழிப்பது என்று தெரிந்துகொண்டால் இரண்டையும் தவிர்த்துவிடலாம்.

ஏன் மிஞ்சுகிறது?

விண்டோஸில் ஒரு மென்பொருள் பொதுவாக இரண்டு இடங்களில் குடியேறும். நிரல் ஒரு பக்கம், பெரும்பாலும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில். பயன்படுத்துபவரின் தரவு இன்னொரு பக்கம், அவரவர் பயனர் கணக்குக்குள் ஆப்டேட்டா என்கிற ஃபோல்டரில். அன்இன்ஸ்டால் செய்தால் நிரல் போய்விடும். தரவைத் தொடாமல் விடுவது நெடுநாள் வழக்கம். மனம் மாறி மறுபடியும் நிறுவுபவருக்குப் பழையபடி எல்லாம் கிடைக்க வேண்டும், ஒரே கணினியை வீட்டில் நாலு பேர் பயன்படுத்தும்போது ஒருவர் நீக்கியதற்காக மற்றவருடைய தரவு போய்விடக் கூடாது என்பதெல்லாம் அதற்குக் காரணம். மேக்கில் செயலியைக் குப்பைக்கு இழுப்பதே நீக்கும் முறை என்பதால், லைப்ரரியில் இருப்பதைக் கூட்டிப் பெருக்க அங்கே ஆளே இல்லை. உபுண்டு போன்ற லினக்ஸில் 'பர்ஜ்' கட்டளை கொடுத்து நீக்கினாலும் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருப்பது அப்படியேதான் இருக்கும். கைபேசியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் செயலியை நீக்கினால், அதற்கென ஒதுக்கிய இடத்தில் இருந்த தரவும் சேர்ந்து போய்விடுகிறது.

பதிப்பு மாறும்போது கூடுதலாக ஒரு காரணம் உண்டு. புதிய பதிப்பு பெரும்பாலும் தரவைச் சேமிக்கும் முறையையே மாற்றிவிடும். மாற்றும் வேலை நடுவில் தடைபட்டால் பயனரின் பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விடுமே என்பது இந்த மென்பொருளை எழுதுபவர்களுக்கு இருக்கும் பெரிய பயம். அதனால் பழையதை வைத்துக்கொண்டே புதியதை உருவாக்குகிறார்கள். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால், வேலை ஒழுங்காக முடிந்தபின் பழையது தேவையில்லை என்ற செய்தி பயனருக்கு வந்துசேர்வது அபூர்வம்.

பழைய நகலுக்குப் பழைய சாவியே போதும்

பாஸ்வேர்டு மேனேஜரின் தரவு, அதாவது பெட்டகம், குறியாக்கம் செய்யப்பட்டது. ஃபைலை ஒருவர் அள்ளிக்கொண்டு போனாலும், மாஸ்டர் பாஸ்வேர்டு தெரியாமல் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. அப்படியானால் அது கிடந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும்.

வீட்டுக்குப் பூட்டை மாற்றினால் பழைய சாவி எதற்கும் உதவாது. இங்கே அப்படி நடப்பதில்லை. மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றும்போது, நீங்கள் இப்போது பயன்படுத்தும் பெட்டகத்துக்கு மட்டும்தான் பூட்டு மாறுகிறது. 2017-இல் எடுத்த நகல், 2017-இல் வைத்திருந்த மாஸ்டர் பாஸ்வேர்டுக்கே திறக்கும். இன்றும் திறக்கும், இன்னும் பத்து வருடம் கழித்தும் திறக்கும். அந்தப் பழைய பாஸ்வேர்டு சின்னதாக இருந்தது, வேறு நாலு தளங்களிலும் அதையே போட்டிருந்தீர்கள், அதனால்தான் மாற்றினீர்கள் என்றால், நகல் இன்னும் அந்தப் பலவீனத்தோடேயே இருக்கிறது.

பூட்டின் பலமும் காலத்தோடு மாறியிருக்கிறது. மாஸ்டர் பாஸ்வேர்டை நேரடியாகச் சாவியாகப் பயன்படுத்துவதில்லை. அதை ஒரு கணக்குக்குள் செலுத்தி ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஓடவிட்டு, கடைசியில் வருவதையே சாவியாக எடுத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு அது ஒரு நொடி வேலை. கோடிக்கணக்கான ஊகங்களைப் போட்டுப் பார்க்கும் திருடனோ ஒவ்வொரு ஊகத்துக்கும் அத்தனை சுற்றுகளையும் ஓட்டியாக வேண்டும். கீபாஸ் என்ற மேனேஜரின் இரண்டாம் வரிசையில் வந்த பழைய பதிப்புகளில் இயல்பாக இருந்தது 6000 சுற்றுகள். இன்னொரு மேனேஜரான பிட்வார்டன் புதிய கணக்குகளுக்கு 1,00,000 என்று வைத்திருந்த எண்ணிக்கையை 2023-இல் 6,00,000 ஆக்கியது. கீபாஸ் 2017-இல் ஆர்கான்2 என்ற முறையைச் சேர்த்தது. அது நேரத்தோடு நினைவகத்தையும் நிறையத் தின்பதால், ஒரே சமயத்தில் ஏராளமான ஊகங்களைப் போட்டுப் பார்ப்பது கடினம். இந்தப் பலமெல்லாம் புதிய அமைப்பில் சேமித்த பெட்டகத்துக்குத்தான். மூலையில் கிடக்கும் பழைய ஃபைல் பழைய சுற்று எண்ணிக்கையிலேயே நிற்கிறது.

இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை என்பதற்கு லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்ததே சாட்சி. வாடிக்கையாளர்களின் பெட்டகங்களைக் காப்பு நகலாக வைத்திருந்த இடத்திலிருந்து அவை திருடப்பட்டதாக அந்நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. பாஸ்வேர்டுகள் குறியாக்கத்தில் இருந்தன. எந்தெந்த இணையதளங்களுக்கு உரியவை என்ற முகவரிகள் குறியாக்கம் இல்லாமல் இருந்தன. பழைய கணக்குகள் சிலவற்றில் சுற்று எண்ணிக்கை 5000 என்றே தங்கிவிட்டிருந்ததும் பிறகு வெளியே வந்தது. செய்தி தெரிந்தவுடன் மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றியவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. திருடனிடம் இருந்த நகல் பழைய பாஸ்வேர்டுக்குத் திறப்பதாயிற்றே! உள்ளே இருந்த ஒவ்வொரு தளத்தின் பாஸ்வேர்டையும் மாற்றுவதுதான் ஒரே வழியாக இருந்தது. அங்கே நகல் நிறுவனத்திடமிருந்து போயிற்று. உங்கள் பழைய லேப்டாப்பில் இருக்கும் நகலுக்கும் அதே கணக்குத்தான்.

ஒன்பாஸ்வேர்டு கணக்கு வைத்திருப்பவர்கள் "எங்களிடம்தான் ரகசியச் சாவி இருக்கிறதே" என்று சொல்லக்கூடும். மாஸ்டர் பாஸ்வேர்டோடு சேர்த்துக் கேட்கப்படும் அந்த நீளமான எழுத்துச் சரம் நல்ல பாதுகாப்புத்தான். ஆனால் அது நிறுவனத்தின் சர்வரிலிருந்து தரவு போனால் காப்பதற்காக ஏற்பட்டது. உங்கள் கணினியில் ஒவ்வொரு முறையும் அதைத் தட்டச்சு செய்ய வேண்டியிராமல், அது அங்கேயே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. கணினியே பிறர் கைக்குப் போனால் காவலுக்கு மிஞ்சுவது மாஸ்டர் பாஸ்வேர்டு மட்டும்தான்.

இன்னும் பழைய காலத்து மிச்சம் ஒன்று உண்டு. டிராப்பாக்ஸ் வழியாக ஒன்பாஸ்வேர்டை ஒத்திசைத்தவர்களிடம் 'அஜைல் கீசெயின்' என்ற வடிவத்தில் ஒரு ஃபோல்டர் இருக்கலாம். 2008-இல் அறிமுகமான அந்த வடிவம், பாஸ்வேர்டுகளைக் குறியாக்கம் செய்தது. தலைப்பையும் இணைய முகவரியையும் செய்யவில்லை. அன்றைய கருவிகளின் வேகத்துக்கு எல்லாவற்றையும் குறியாக்கம் செய்தால் தேடுவதே கடினம் என்பது அப்போதைய கணக்கு. 2012-இல் வந்த ஓபிவால்ட் வடிவம் அந்தக் குறையைச் சரிசெய்தது. உங்கள் டிராப்பாக்ஸில் அஜைல் கீசெயின் இன்னும் இருந்தால், எந்த வங்கி, எந்த மருத்துவமனை, எந்தத் திருமணத் தளம் என்பதை மாஸ்டர் பாஸ்வேர்டு இல்லாமலேயே யாரும் வாசித்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான ஃபைல்

இதுவரை சொன்னதெல்லாம் பூட்டிய பெட்டிகள். பூட்டே இல்லாத ஒன்று பலருடைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது. ஒரு மேனேஜரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, அல்லது பிரவுசரில் சேமித்தவற்றை மேனேஜருக்கு ஏற்றும்போது, ஏற்றுமதி செய்த ஃபைல் அது. பெரும்பாலும் சிஎஸ்வி வடிவத்தில் இருக்கும். இரண்டு முறை கிளிக் செய்தால் எக்செலில் திறந்துகொள்ளும். தளம், பயனர் பெயர், பாஸ்வேர்டு மூன்றும் வரிசையாக, யாரும் படிக்கிற எழுத்தில். ஒன்பாஸ்வேர்டின் பழைய ஏற்றுமதி வடிவமும், எட்டாம் பதிப்பில் வந்த புதிய ஏற்றுமதி வடிவமும் குறியாக்கம் இல்லாதவையே. பிட்வார்டனில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஏற்றுமதிக்கு வசதி உண்டு. கவனித்துத் தேர்ந்தெடுக்காவிட்டால் திறந்த ஃபைல்தான் வரும்.

மூலையில் கிடக்கும் பூட்டிய பெட்டகத்துக்கு ஒரு மாதம் பொறுக்கலாம். இதற்கு ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. ஏற்றி முடித்து, எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்த அதே அமர்வில் அழித்துவிட வேண்டும். சரிபார்க்க அவகாசம் வேண்டுமென்றால் பழைய மேனேஜரை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருங்கள், சிஎஸ்வியை வைத்திருக்காதீர்கள். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஆகிய மூன்றிலும் தேடுங்கள். தனக்குத்தானே மின்னஞ்சல் அனுப்பியோ, வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பியோ ஃபைலை நகர்த்தும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு, அங்கேயும் பாருங்கள்.

எங்கே தேடுவது?

விண்டோஸில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் எழுதினால் ரோமிங் என்ற பகுதி திறக்கும். லோக்கல்ஆப்டேட்டா என்று எழுதினால் லோக்கல் பகுதி. பார்க்க வேண்டிய இடங்கள் இந்த இரண்டும்தான்.

ஒன்பாஸ்வேர்டுக்கு லோக்கல் பகுதியில் அதன் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஏழும் எட்டும் ஒரே ஃபோல்டரைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. உள்ளே டேட்டா என்ற துணை ஃபோல்டரில் ஒன்பாஸ்வேர்டு10 என்று முடியும் எஸ்க்யூலைட் ஃபைல் ஏழாம் பதிப்பினுடையது. எண் இல்லாமல் வெறும் ஒன்பாஸ்வேர்டு என்றிருப்பது எட்டினுடையது. பெயரைப் பார்த்து மொத்த ஃபோல்டரையும் அழித்தால் இன்று பயன்படுத்துவதும் சேர்ந்து போகும். கணக்கு இருந்தால் மறுபடியும் உள்நுழைந்து சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ரகசியச் சாவி கைவசம் இல்லாதவருக்கு அதுவே பெரிய சிக்கலாகிவிடும்.

மேக்கில் பிரிவு தெளிவாக இருக்கிறது. ஃபைண்டரின் கோ மெனுவைத் திறந்து ஆப்ஷன் விசையை அழுத்தினால் லைப்ரரி தோன்றும். அதற்குள் குரூப் கன்டெய்னர்ஸ் ஃபோல்டரில், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரே முன்னொட்டோடு இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். அஜைல்பிட்ஸ் என்று முடிவது ஏழாம் பதிப்பு. அந்த நிறுவனத்தின் பழைய பெயர் அது. ஒன்பாஸ்வேர்டு என்று முடிவது எட்டாம் பதிப்பு.

பிட்வார்டனின் டெஸ்க்டாப் செயலி, ரோமிங் பகுதியில் தன் பெயரிலுள்ள ஃபோல்டரில் டேட்டா என்ற பெயருள்ள ஒரு ஜேசன் ஃபைலை வைத்துக்கொள்ளும். மேக்கில் ஆப் ஸ்டோரிலிருந்து நிறுவியதற்கு ஓரிடம், இணையதளத்திலிருந்து நேரடியாக இறக்கியதற்கு வேறிடம். லினக்ஸில் ஸ்னாப் வழியாக நிறுவியது தனி இடம். ஒரு வழியை விட்டு இன்னொரு வழிக்கு மாறியவரிடம் பழைய இடத்தில் ஒரு பிரதி தங்கியிருக்கும். பிட்வார்டனில் ஒரு சௌகரியம் உண்டு. 'லாக்' செய்தால் தரவு கணினியிலேயே இருக்கும். 'லாக் அவுட்' செய்தால் அந்தக் கணினியிலிருந்து பெட்டகத்தின் தரவு துடைக்கப்பட்டுவிடும். நீக்கும் முன் மறக்காமல் லாக் அவுட் செய்தால் பிறகு தேடி அலைய வேண்டியதில்லை. மற்ற மேனேஜர்களிலும் இந்தப் பழக்கம் நல்லதுதான்.

கீபாஸின் கதை கொஞ்சம் வேறு. டொமினிக் ரைக்கல் 2003-இல் வெளியிட்ட இந்தக் கட்டற்ற மென்பொருளில் பெட்டகம் ஒரு தனி ஃபைல். அதை எங்கே வைப்பது என்பது உங்கள் விருப்பம். முதல் வரிசையின் ஃபைல்கள் கேடிபி என்று முடியும், இரண்டாம் வரிசையினுடையவை கேடிபிஎக்ஸ் என்று முடியும். பழையதை இறக்குமதி செய்தால் புதிதாக ஒரு ஃபைல் உருவாகும். பழைய கேடிபி இருந்த இடத்தில் இருக்கும். கணினி முழுக்க இந்த இரண்டு பின்னொட்டுகளையும் தேடிப் பார்த்தால் என்றைக்கோ பென்டிரைவுக்கு எடுத்ததும், டாக்குமென்ட்ஸில் போட்டதும் எல்லாம் வெளியே வரும். கீபாஸ் ஃபைல்களையே பயன்படுத்தும் கீபாஸ்எக்ஸ்சி என்ற செயலியில் சேமிக்கும் முன் காப்பு எடுக்கும் வசதியை இயக்கியிருந்தால், பெயரின் நடுவில் 'ஓல்டு' என்று சேர்த்து முந்தைய நிலையின் பிரதி ஒன்று பக்கத்திலேயே இருக்கும்.

ரோமிங் பகுதியில் இருக்கும் கீபாஸ் ஃபோல்டரை "வெறும் அமைப்புகள்தானே" என்று அழிக்க நினைப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். பெட்டகத்தைப் பூட்டும்போது விண்டோஸ் பயனர் கணக்கையும் சாவியின் ஒரு பகுதியாகச் சேர்த்திருந்தால், அதற்கான ரகசிய ஃபைல் அந்த ஃபோல்டரில்தான் இருக்கிறது. 'புரொடெக்டட் யூசர் கீ' என்பது அதன் பெயர். அது போனால் மாஸ்டர் பாஸ்வேர்டு சரியாகத் தெரிந்தாலும் பெட்டகம் திறக்காது. சாவியின் ஒரு பகுதியாகக் கீ ஃபைல் ஒன்றை வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆபத்து. எந்த ஃபைலையும் கீ ஃபைலாக வைக்கலாம் என்பதால், சிலர் ஒரு புகைப்படத்தையே வைத்திருப்பார்கள். பழையதைச் சுத்தம் செய்கிறேன் என்று அதையும் சேர்த்துக் கடாசிவிட்டால் கீபாஸை எழுதியவராலும் அந்தப் பெட்டகத்தைத் திறந்து தர முடியாது.

மிச்சத்தை ஒரே கிளிக்கில் துடைப்பதாகச் சொல்லும் கிளீனர் மென்பொருள்களை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை பெயரை வைத்துப் பட்டியல் போடுகின்றன. எது அமைப்பு ஃபைல், எது சாவி என்ற வித்தியாசம் அவற்றுக்குத் தெரியாது.

அழிக்கும் முன் பார்க்க வேண்டியது

ஒன்பாஸ்வேர்டு 7-இல் இரண்டு வகைப் பெட்டகங்கள் இருந்தன. கணக்கோடு இணைந்து சர்வரிலும் இருப்பவை ஒரு வகை. கணினியில் மட்டும், அல்லது டிராப்பாக்ஸ், ஐகிளவுட் வழியாக ஒத்திசைந்து இருப்பவை மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையை எட்டாம் பதிப்பு ஏற்பதில்லை. பழைய பயனர்களிடம் 'பிரைமரி' என்ற பெயரில் இருந்தது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். அதிலிருந்ததைக் கணக்குக்குள் நகர்த்தாமல் எட்டுக்கு மாறியிருந்தால், அந்தப் பதிவுகளின் ஒரே பிரதி பழைய ஃபோல்டரில்தான் இருக்கிறது. அதை அழித்தால் திரும்ப வராது. ஏழைத் திறந்து பிரைமரி பெட்டகம் தெரிகிறதா, அதில் எத்தனை பதிவுகள் என்று பாருங்கள். புதியதில் அதே எண்ணிக்கை இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் போதாது. சிஎஸ்வி வழியாக மாறியவர்களுக்கு இணைப்பாகச் சேர்த்த ஆவணங்கள் வந்திருக்காது. பாஸ்போர்ட் ஸ்கேன், பான் அட்டையின் படம், உயில் நகல் என்று பாஸ்வேர்டு அல்லாத பலவற்றையும் நாம் இங்கேதான் போட்டு வைக்கிறோம். பாஸ்வேர்டின் பழைய வரலாறும் வராது. ஒவ்வொரு வகையிலும் ஒன்றிரண்டு பதிவுகளைத் திறந்து பாருங்கள்: குறிப்புகள் முழுதாக இருக்கின்றனவா, தமிழில் எழுதியது கட்டம் கட்டமாக மாறிவிடவில்லையா, இருபடிச் சரிபார்ப்பின் ஆறு இலக்க எண் ஓடுகிறதா, இணைப்புகள் திறக்கின்றனவா.

அடுத்ததாக, புதிய மேனேஜருக்குள் இன்னொரு கருவியிலிருந்து நுழைந்து பாருங்கள். இதே கணினியில் கைரேகையால் திறந்து பழகியவர்கள் மாஸ்டர் பாஸ்வேர்டையே மறந்திருப்பார்கள். ஒன்பாஸ்வேர்டானால் ரகசியச் சாவி அச்சிட்ட அவசரத் தாள் கையில் இருக்க வேண்டும். இதெல்லாம் சரியென்றால் புதிய பெட்டகத்தின் காப்புப் பிரதி ஒன்றைக் குறியாக்கத்தோடு எடுத்து, கணினிக்கு வெளியே வையுங்கள். பழைய ஃபோல்டரையே காப்புப் பிரதியாக நினைத்துக்கொள்வது தவறான கணக்கு. மாறிய நாளுக்குப் பிறகு சேர்த்த எதுவும் அதில் இல்லை.

அதன்பிறகும் உடனே அழிக்க வேண்டியதில்லை. மேனேஜரை முழுவதுமாக மூடிவிட்டு, பழைய ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் ஏதாவது ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, புதியது வழக்கம்போலத் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் அது பழைய மிச்சம் இல்லை, நடப்புத் தரவு. பெயரை மாற்றிப் பழையபடி வைத்துவிடலாம். திறந்தால் மூன்று நான்கு வாரம் அப்படியே ஓட்டுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் நுழையும் தளங்கள் எல்லாம் அந்த அவகாசத்தில் பெரும்பாலும் ஒரு சுற்று வந்துவிடும். இந்த உத்தி டிராப்பாக்ஸ் போன்ற ஒத்திசைவு ஃபோல்டருக்கு மட்டும் பொருந்தாது. அங்கே ஒரு கணினியில் செய்யும் மாற்றம் எல்லாக் கருவிகளுக்கும் பரவும். வீட்டில் வேறு யாராவது இன்னும் பழைய பதிப்பில் இருந்தால் அவருடைய பெட்டகம் திடீரென்று காணாமல் போகும். முதலில் அவரைப் புதியதற்கு மாற்றுங்கள்.

அழித்தபின் மிஞ்சுவது

டெலிட் செய்தபின் குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கிளவுட் சேவைகளுக்கும் குப்பைத்தொட்டி உண்டு என்பது அவ்வளவாக நினைவுக்கு வராது. கூகுள் டிரைவ், ஐகிளவுட், தனிநபருக்கான ஒன்டிரைவ், சாதாரண டிராப்பாக்ஸ் கணக்கு எல்லாவற்றிலும் நீக்கிய ஃபைல் 30 நாள் வரை மீட்கக்கூடியதாக இருக்கும். உலாவியில் உள்ளே போய் அங்கிருந்தும் நிரந்தரமாக நீக்குங்கள். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் ஃபோல்டர்களை ஒன்டிரைவ் காப்பெடுக்கும்படி வைத்திருந்தால், நீங்கள் வெறும் கணினியில் போட்டதாக நினைத்த சிஎஸ்வியும் மேலே போயிருக்கும். மேக்கின் டைம் மெஷின், வெளியே வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க் காப்புகளையும் மறக்க வேண்டாம்.

விண்டோஸையே புதிய பதிப்புக்கு மேம்படுத்தியவர்களிடம் 'விண்டோஸ் ஓல்டு' என்ற ஃபோல்டர் இருக்கலாம். பழைய பயனர் ஃபோல்டர்களும் அதற்குள் இருக்கக்கூடும். வழக்கமாகப் பத்து நாளில் தானே நீங்கிவிடும். நீங்காவிட்டால் டிஸ்க் கிளீனப் வழியாக நீக்கலாம்.

ஃபைல் இருந்த இடத்தில் பலமுறை எழுதி அழிக்கும் பழைய முறை, சுழலும் ஹார்டு டிஸ்கில் பலன் தந்தது. இப்போதைய எஸ்எஸ்டி, எழுதும் இடத்தைத் தானே மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதால், மேலெழுதுவது பழைய தரவின் மேல்தான் விழுகிறது என்ற உறுதி இல்லை. அப்படிப் பாதுகாப்பாக அழிக்கும் வசதியை மேக் 2015-இல் தூக்கியே விட்டது. வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்வதே இன்றைக்குச் சரியான வழி. விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன், மேக்கில் ஃபைல்வால்ட். அது இயங்கும் கணினியில் அழித்த ஃபைலின் எச்சத்தை, வட்டைக் கழற்றிக்கொண்டு போகிறவரால் படிக்க முடியாது.

நினைவகத்தின் எச்சமும் ஒரு கவலைதான். கீபாஸில் மாஸ்டர் பாஸ்வேர்டைத் தட்டும்போது அதன் எழுத்துகள், முதல் எழுத்தைத் தவிர, நினைவகத்தில் தடமாகத் தங்கிவிடும் குறை ஒன்று 2023-இல் தெரியவந்தது. அதே ஆண்டு ஜூனில் வந்த 2.54 பதிப்பில் சரிசெய்தார்கள். பழைய பதிப்பு ஓடிய நாட்களில் கணினி உறக்கநிலைக்குப் போகும்போது எழுதிய ஃபைலில் அந்தத் தடம் இருந்திருக்க வாய்ப்புண்டு. இன்னும் 2.54-க்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள் உடனே மேம்படுத்திவிட்டு மாஸ்டர் பாஸ்வேர்டையும் மாற்றிக்கொள்வது நல்லது.

கேஷ், லாக், தோற்ற அமைப்பு ஃபைல்கள் எல்லாம் கிடந்தால் கிடக்கட்டும். அவற்றுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட வேண்டாம்.

லேப்டாப்பை விற்கப் போகிறீர்கள், அல்லது உறவினரின் பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடுவதை விடுங்கள். வட்டுக் குறியாக்கத்தை இயக்கிவிட்டு, எல்லாவற்றையும் அழிக்கும் முழு ரீசெட் செய்து கொடுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ரீசெட் செய்ய முடியாது என்பதால் மேனேஜரிலிருந்து லாக் அவுட் செய்துவிட்டுக் கொடுங்கள். பழுது பார்ப்பவர் கணினியின் பாஸ்வேர்டைக் கேட்டால் தனியாக ஒரு பயனர் கணக்கை, நிர்வாகி உரிமை இல்லாமல், உருவாக்கித் தரலாம்.

இன்றைக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து சிஎஸ்வி என்று தேடுங்கள். பாஸ்வேர்டுகள் உள்ள ஃபைல் ஏதும் அகப்பட்டால், அவை மேனேஜருக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அதை அழித்துக் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். பழைய பெட்டகத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.